கூம்பு, பல்பு, நீலப் பெயின்ட்

"அவன் மண்டைல என்ன மாட்டியிருக்கான்னு பாரு, அம்மிணி" என்றார் அப்பா.

நானும் என் மகனும் கால் மணி நேரமாகத் திரையில் கண்ட இடத்தையெல்லாம் தொட்டுக்கொண்டிருந்தோம். குப்பைமேட்டிலிருந்து நடந்து வந்த ஒரு சின்னத் தகர ரோபோ நகரத்தின் வாசலில் நிற்கிறான். நடுவே பள்ளம். பாலம் தூக்கியிருக்கிறது. காவலாளி அவனைப் பார்க்கிறான், விடமாட்டேன் என்கிறான். கொஞ்சம் முன்னால் இன்னொரு ரோபோ வந்தபோது இதே பாலம் மறுபேச்சில்லாமல் இறங்கியது. நாங்கள் பாலத்தையும் பள்ளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா மட்டும் உள்ளே போனவனின் தலையைப் பார்த்திருந்தார். கூம்பு வடிவத்தில் நீலத் தொப்பி. உச்சியில் ஒரு விளக்கு.

"ஆளப் பாத்து உள்ள உடல. தொப்பியப் பாத்துத்தான் உட்டான்."

பிறகு வேலை வேகமாக நடந்தது. சாலையில் தடுப்புக்கு வைக்கிற கூம்பு ஒன்று அங்கேயே இருந்தது. விளக்கிலிருந்து ஒரு பல்பைக் கழற்றினோம். கூம்பை நீலப் பெயின்ட்டில் முக்கி எடுத்து, பல்பைச் செருகித் தலையில் கவிழ்த்ததும் பாலம் இறங்கியது. என் மகன் எழுந்து நின்று அப்பிச்சியின் கையைக் குலுக்கினான்.

அப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் 32 வருஷம் பிட்டராக வேலை பார்த்தவர். போன ஐப்பசி மழையில் வாசற்படியில் வழுக்கி இடது கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கை சும்மா இருந்து பழக்கமில்லாத மனிதருக்கு அது பெரிய தண்டனை. டிவி சீரியலை அம்மாவோடு இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் டிவி ரிமோட்டைப் பிரித்து உள்ளே துடைத்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம்தான் என் டேப்லெட்டில் 'மெஷினாரியம்' விளையாட்டைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. இந்த விளையாட்டுக்கு அது வேண்டியதில்லை. கதை தொடங்கி முடியும்வரை யாரும் ஒரு வாக்கியம்கூடப் பேசமாட்டார்கள்.

நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். மெஷினாரியத்தைப் பல வருஷமாக அதன் படங்களுக்காகவே திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு தடவைகூட முடித்ததில்லை. அப்பாவும் பதினொரு வயது மகனும் நானும் சேர்ந்து ஆடிய அந்த ஆறு வாரத்தில்தான் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. பேச்சே இல்லாத அந்த விளையாட்டு எங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிவரை பேச்சை நடத்தியது.

செக் குடியரசைச் சேர்ந்த அமனிதா டிசைன் என்ற சின்னக் குழு 2009 அக்டோபரில் இதை வெளியிட்டது. குழுவைத் தொடங்கியவர் யாகுப் த்வோர்ஸ்கி. ஏழு பேர், மூன்று வருஷம், சொந்தச் சேமிப்பு. விளம்பரத்துக்கு அவர்கள் ஒதுக்கியது 1,000 டாலர். கணினியில் வந்த விளையாட்டு 2011-இல் ஐபேடுக்கும் அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. துப்பாக்கி கிடையாது, ஓட்டப்பந்தயம் கிடையாது, நாயகன் சாவது கிடையாது. அவசரப்படுத்த ஆளில்லை. ஒரு இடத்துக்கு வருகிறீர்கள், அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, கிடைக்கிற சாமான்களை வைத்து அதை அவிழ்க்கிறீர்கள், அடுத்த இடத்துக்குப் போகிறீர்கள். இந்த வகைக்கு அட்வென்ச்சர் கேம் என்று பெயர்.

இந்த வகைக்கு வயது அதிகம். 1976-இல் வில் க்ரௌதர் என்ற அமெரிக்கர் ஒரு குகையைச் சுற்றிவர எழுதிய விளையாட்டில் படமே இல்லை, எல்லாம் எழுத்து. 1980-களில் படம் வந்தது, பிறகு மவுஸ் வந்தது. ஆனால் எழுத்தும் பேச்சும் கூடவே வந்தன. அதில் ஒரு சிக்கல் உண்டு. 1991-இல் வந்த இரண்டாம் 'மங்கி ஐலண்ட்' விளையாட்டில் ஒரு குழாயைத் திருகவேண்டும், கையில் ரெஞ்சு இல்லை. விடை என்ன தெரியுமா? மயங்கி விறைத்து நிற்கும் ஒரு குரங்கையே ரெஞ்சாக வைத்துத் திருகவேண்டும். அமெரிக்கர்கள் ஒருவகை ரெஞ்சை 'மங்கி ரெஞ்ச்' என்பார்கள், அதுதான் சூட்சுமம். அந்தச் சொல் புழங்காத ஊரில் இருப்பவன் ஆயுசுக்கும் கண்டுபிடிக்க முடியாது. இங்கிலாந்துக்காரர்களே திணறினார்கள்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். பட்டறையில் அவர்கள் அதை ஸ்க்ரூ ஸ்பேனர் என்பார்களாம். "பேர் தெரிஞ்சாத்தான் வேலை நடக்கும்னா அது பூட்டு இல்ல கண்ணு, பரீட்சை" என்றார். நான் அதை என் வரைபட நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னேன். 1999-இல் வந்த 'கேப்ரியல் நைட்' மூன்றாம் பாகத்தில் நாயகன் தன் நண்பனைப்போல் வேஷம் போட்டு மோட்டார்சைக்கிள் வாடகைக்கு எடுக்கவேண்டும். அதற்காக ஒரு பூனையின் முடியைச் சேகரித்து, இனிப்புப் பாகில் ஒட்டி மீசை செய்யவேண்டும். அந்த நண்பனுக்கோ மீசையே கிடையாது! அதனால் அவனுடைய பாஸ்போர்ட் படத்திலும் ஒரு மீசை வரைய வேண்டும். இந்த வகை விளையாட்டுகளைப் பிடிக்காதவர்கள் இன்றும் முதலில் இழுப்பது அந்தப் பூனையைத்தான். அங்கேயும் மாறுவேஷம், நகரத்து வாசலில் நாங்கள் செய்ததும் மாறுவேஷம். ஆனால் எங்கள் முன்னால் தொப்பி போட்டவன் ஒருத்தன் போனான், கூம்பு கண்ணெதிரே இருந்தது, பெயின்ட் இருந்தது. கண்ணால் பார்த்ததை விட்டு எதையும் ஊகிக்கவேண்டிய தேவை வரவில்லை. நல்ல புதிரில் விடை தெரிந்ததும் "அட, இங்கேயேதானே இருந்தது!" என்று தோன்றும். கெட்ட புதிரில் விடை தெரிந்த பிறகும் முழிக்கவேண்டியிருக்கும்.

மெஷினாரியத்தின் பெரிய யோசனை ஒன்றை என் மகன்தான் முதலில் சொன்னான். "அம்மா, அவன் பக்கத்துல போனாத்தான் தொட முடியுது. நாம எங்க வேணா தொடலாம், ஆனா அவனுக்குக் கை எட்டணும்."

பழைய விளையாட்டுகளில் திரை முழுவதையும் விரலால் துழாவலாம். மூலையில் கிடக்கும் ஊசிமுனை அளவுப் பொருள் எப்போதாவது சிக்கும். ஆடுகிறவர் யோசிப்பதை விட்டுத் துழாவ ஆரம்பித்துவிடுவார். இங்கே அது நடக்காது. ரோபோ நிற்கிற இடத்திலிருந்து அவன் கைக்கு எட்டுவது மட்டுமே அசையும். கூடவே அவனுக்கு ஒரு வித்தை தெரியும். உடம்பை இழுத்துக் கொக்குபோல உயரமாவான், மேலே தொங்குவதைப் பறிப்பான். அமுங்கி உருளையாவான், தாழ்ந்த இடத்தில் இருப்பதை எடுப்பான். எடுத்ததை விழுங்கி வயிற்றுக்குள் வைத்துக்கொள்வான். அவன் உடம்பேதான் அவனுடைய முதல் கருவி. அதனால் ஒவ்வொரு இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: அவன் எங்கே நிற்கவேண்டும், எந்த உயரத்தில்?

அப்பா இதை ரொம்ப மெச்சினார். மில்லில் புதுசாகச் சேர்கிற பையன்களிடம் அவர் சொல்வது இதுதானாம்: மிஷினில் கை வைப்பதற்கு முன்னால் எங்கே நிற்பது என்று பார். அவர் ஆடிய விதமும் அப்படித்தான். ஒரு புது இடம் வந்தால் ஐந்து நிமிஷம் தொடமாட்டார். எந்தக் குழாய் எதில் போய்ச் சேருகிறது, எது ஆடுகிறது, எதில் ஆவி வருகிறது என்று விரலைத் திரைக்கு மேலே காற்றில் ஓட்டிப் பார்ப்பார். என் மகனுக்குப் பொறுக்காது. "அப்பிச்சி, தொடுங்க!" என்று குதிப்பான். "இரு சாமி, அது என்ன பண்ணுதுன்னு பாத்துக்கறேன்" என்பார்.

'அது என்ன பண்ணுது' என்பது அனிமேஷனின் வேலை. இங்கே நான் கொஞ்சம் நின்றுதான் பேசவேண்டும், என் தொழில் இது.

பின்னணிப் படங்களைத் தாளில் பென்சிலால் வரைந்து, பிறகு கணினியில் வண்ணம் சேர்த்திருக்கிறார்கள். வரைந்தவர்களில் முக்கியமானவர் அடோல்ஃப் லாக்மன். கோடுகள் நேராக இருக்காது. சுவர் கொஞ்சம் சாய்ந்திருக்கும், குழாய் வீங்கியிருக்கும், ஆணி துருப்பிடித்து வழிந்திருக்கும். பட்டாசுபோலப் பளபளக்கும் நிறம் ஒன்றைக்கூடத் தேடிப் பிடிக்கமுடியாது. மண்ணும் துருவும் சாம்பலும் கலந்த நிறங்கள். அந்த ஊருக்கு வயசாகிவிட்டது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. 2009-இல் தனிக்குழுக்களின் விளையாட்டுகளுக்கான விழாவில் சிறந்த காட்சிக்கலைக்கான விருதை வெளிவருவதற்கு முன்பே இது வாங்கியது.

அசைவுகளைச் செய்தவர் வாத்ஸ்லாவ் ப்ளீன். எங்கள் ரோபோவின் முகத்தில் என்ன இருக்கிறது? இரண்டு உருண்டைக் கண், ஒரு கோடு வாய். அவ்வளவுதான். அப்படியும் அவன் சலித்துக்கொள்வது தெரிகிறது, வெட்கப்படுவது தெரிகிறது. எப்படி? உயரமாக நீண்டு நடக்கும்போது அவன் தள்ளாடுகிறான், கழுத்து ஒரு கணம் பிந்தி வருகிறது. குட்டையாகும்போது கால் குறுகிப் பிள்ளைநடை வருகிறது. முடியாததைச் செய்யச் சொன்னால் தலையை ஆட்டுகிறான். எடை இருக்கிற பொருளை எடுக்கும்போது எடை தெரிகிறது. முகத்துக்குப் பதில் உடம்பைப் பேசவைத்திருக்கிறார்கள்.

இது அந்த ஊரின் பழைய வித்தை. செக் நாட்டில் பொம்மலாட்டத்துக்கு நீண்ட மரபு உண்டு. பொம்மைகளைக் கொண்டு படம் எடுத்த யிர்ஷி த்ருன்கா, பொம்மையின் முகபாவத்தை மாற்றுவதை விரும்பாதவர். முகம் அப்படியே இருக்கும், தலை சாய்கிற கோணமும் மேலே விழுகிற வெளிச்சமும் மாறும், பார்க்கிறவர் அதில் துக்கத்தைப் படித்துக்கொள்வார். நம் ஊர்த் தோல்பாவையைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஸ்டெனெக் மிலெர் என்பவர் 1957-இல் ஒரு குட்டி மண்ணெலியை வைத்து கார்ட்டூன் படம் எடுத்தார். அந்த முதல் படத்தில் எலி பேசியது. அதற்குப் பிறகு, எந்த நாட்டுக் குழந்தைக்கும் புரியவேண்டும் என்று பேச்சை விட்டுவிட்டார். சிரிப்பும் சின்னச் சின்ன ஒலிகளும் மட்டும். அவருடைய மகள்களே குரல் கொடுத்தார்கள்.

அந்த முதல் படத்தை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். எலிக்கு ஒரு கால்சட்டை வேண்டும், அதற்காக ஆளி விதைச் செடியை வளர்த்து, அறுத்து, ஊறவைத்து, நாரெடுத்து, நூற்று, நெய்து, தைத்து முடிக்கிறது. செக் பேச்சு ஒரு சொல் புரியாமல், 32 வருஷம் நூலோடு இருந்த மனிதர் கண் இமைக்காமல் பார்த்தார். நூற்கிற இடத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லி இரண்டாம் தடவை பார்த்தார்.

மெஷினாரியத்திலும் பேச்சு இப்படித்தான் வருகிறது. யாருக்காவது எதையாவது சொல்லவேண்டுமென்றால் தலைக்கு மேல் ஒரு குமிழி எழும். அதற்குள் கோட்டோவியங்கள் அசைந்து நடந்ததைக் காட்டும். ஒரு கிழவி தன் நாய் காணாமல் போனதை அப்படிக் காட்டுகிறாள். நாலு வரி வசனத்தில் வரவேண்டியது ஏழெட்டு நொடியில் வந்துவிடுகிறது. தோமாஷ் த்வொர்ஷாக்கின் இசை மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. அதில் மெட்டு குறைவு, இயந்திரங்களின் மூச்சுபோல ஒரு ஓசை கீழே ஓடிக்கொண்டே இருக்கும். குமிழியைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் மூன்று கதை சொல்வோம். நாயைத் திருடினார்கள் என்பான் மகன், தானாக ஓடிப்போனது என்பேன் நான். மறுபடி தொட்டுப் பார்ப்போம். வசனம் இருந்திருந்தால் இந்த வாக்குவாதமே வந்திருக்காது.

நாயகனுக்கு யோசெஃப் என்று பெயர். விளையாட்டுக்குள் அந்தப் பெயர் எங்கேயும் வராது, உருவாக்கியவர்கள் வைத்தது. காரணம் இருக்கிறது. 'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது செக் மொழி. காரெல் சாப்பெக் 1920-இல் செயற்கை மனிதர்களைப் பற்றி 'ஆர்.யூ.ஆர்.' என்று ஒரு நாடகம் எழுதினார். அவர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று திகைத்தபோது, ஓவியரான அண்ணன் யோசெஃப் சாப்பெக் சொன்ன சொல் அது. 'ரொபோட்டா' என்றால் பண்ணைக்காரனுக்குக் கூலியில்லாமல் செய்து தீரவேண்டிய கட்டாய வேலை. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' என்ற சொல்லும் அதைத்தான் குறிக்கிறது. இன்று நாம் 'வெட்டி வேலை' என்று சொல்லும்போது அந்த வலி தெரியாமல் சொல்கிறோம். யோசெஃப் சாப்பெக் 1945-இல் நாஜிகளின் வதைமுகாமில் இறந்துபோனார். அவர் பெயரைச் சுமக்கும் இந்தச் சின்னத் தகர உருவத்தைக் குப்பைமேட்டில் உறுப்பு உறுப்பாகக் கிடக்கவைத்துத்தான் கதையைத் தொடங்குகிறார்கள். நாம்தான் பொறுக்கிச் சேர்த்து அவனை எழுப்பவேண்டும். அங்கேயே ஒரு எலி அவனுடைய உறுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு பொம்மை கேட்கும்.

கொடுக்கல் வாங்கல்தான் இந்த விளையாட்டின் பாதிப் புதிர்கள். எதிரே இருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கவேண்டும். சிறையில் யோசெஃப்போடு அடைபட்டிருப்பவனுக்கு ஒரு சிகரெட் வேண்டும். சுருட்டிக் கொடுத்தால் அவன் பதிலுக்கு உதவுவான். அப்பா சிகரெட்டை விட்டு இருபது வருஷம் ஆகிறது. அந்தக் கட்டத்தில் விடை அவருக்கு உடனே தெரிந்துவிட்டது, சொல்லவில்லை. "அந்த ஆளுக்கு என்ன வேணும்னு அவன் உக்காந்திருக்கறதப் பாத்தாலே தெரியுது" என்று மட்டும் சொன்னார். என் மகனுக்கு ஒரு சங்கடம் இருந்தது. காவலாளியை ஏமாற்றி உள்ளே வந்தது சரியா என்று கேட்டான். அன்று சாப்பாடு ஆறிப்போகும்வரை அது ஓடியது. காவலாளி கெட்டவன் அல்ல, சொன்ன வேலையைச் செய்கிறான், அவனை ஏமாற்றினால் அவன் வேலை போய்விடாதா என்பது அவன் கேள்வி. நகரத்தின் கோபுரத்துக்குக் குண்டு வைக்கப்போகிறவர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள் என்றேன். "அது நமக்கு அப்போ தெரியாதில்லம்மா" என்றான். எனக்குப் பதில் இல்லை.

குண்டு வைக்கிறவர்கள் கறுப்புத் தொப்பிக் கூட்டம். முரடர்கள், யோசெஃப்பைத் துரத்தியவர்கள், அவனுடைய தோழி பெர்ட்டாவைப் பிடித்து வைத்திருப்பவர்கள். இந்த வில்லன்களை மட்டும் கொஞ்சம் அவசரமாக வரைந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தெருவில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குக் கிடைத்த கவனம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பெர்ட்டாவைப் பற்றி அம்மா ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி பாதி பார்த்துக்கொண்டிருந்தவள். பெர்ட்டா சமையலறையில் அடைபட்டு அந்த முரடர்களுக்குச் சமைத்துப்போடுகிற காட்சி வந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். "அடுப்படில வெச்சுப் பூட்டியிருக்கானுகளா? மொதல்ல அவளக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, குண்டெல்லாம் அப்பறம்." அன்றிலிருந்து அவளும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டாள்.

எல்லாப் புதிரும் ஒன்றுபோல நன்றாக இல்லை. சில இடங்களில் ஒரு பெட்டியைத் திறந்தால் தனியாக ஒரு கணக்குப் புதிர் வரும். கட்டங்களை நகர்த்தவேண்டும், வரிசைகளைப் பொருத்தவேண்டும். என் மகனுக்கு அவைதான் உயிர். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இந்தப் பொட்டிக்கும் அந்தக் கதவுக்கும் என்ன சம்பந்தம்? இப்படி ஒரு பூட்டு எந்த மடையன் வெப்பான்?" என்றார். நானும் அவர் கட்சிதான். பெயின்ட்டில் கூம்பை முக்குவது அந்த ஊருக்குள் நடக்கிற காரியம். கட்டம் நகர்த்துவது ஊருக்கு வெளியே நடக்கிறது, கதை வாசலில் காத்து நிற்கிறது. மதுக்கடையில் ஐந்து காய்களை வரிசையாகச் சேர்க்கும் ஆட்டம் ஒன்று வரும், அது மட்டும் விதிவிலக்கு. எதிரே உட்கார்ந்து ஆடுகிறவன் கடையின் வாடிக்கைக்காரன், ஜெயித்தால்தான் காரியம் நடக்கும். திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் ஆடியே வளர்ந்த அப்பா ஏழு தடவை தோற்று எட்டாவது தடவை ஜெயித்தார். தோற்ற ஏழு தடவையும் "எங்க உட்டேன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

சிக்கிக்கொண்டால் உதவி உண்டு. திரையின் மேலே ஒரு பல்பு இருக்கும். தொட்டால் அந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்று ஒரு குறிப்பு மட்டும் காட்டும். பக்கத்தில் பூட்டுப் போட்ட புத்தகம் ஒன்று. அதில் முழு விடையும் சித்திரக் கதைபோல வரைந்திருக்கும். ஆனால் அதைத் திறக்க ஒரு சாவியைப் பறக்கவிட்டு, எதிரே வரும் சிலந்திகளைச் சுட்டுக்கொண்டே பூட்டுத் துவாரம்வரை கொண்டுபோகவேண்டும். வேண்டுமென்றே சலிப்பூட்டுகிற ஆட்டம் அது. விடையைப் பார்க்கக்கூடாது என்று தடுக்காமல், பார்ப்பதற்கு முன்னால் இன்னொரு நிமிஷம் யோசிக்கவைக்கிறார்கள். எத்தனையோ விளையாட்டுகள் அந்த இடத்தில் காசு கேட்கின்றன. இவர்கள் கேட்கவில்லை. காசு கொடுக்காமல் இதை எடுத்து ஆடியவர்களிடமும் அவர்கள் கோபப்படவில்லை. வாங்கி ஆடியவர்கள் 100-க்கு 5 முதல் 15 பேர்தான் இருப்பார்கள் என்று கணித்துவிட்டு, 2010 ஆகஸ்டில் 20 டாலர் விலையை 5 டாலராக்கி, இப்போதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

புத்தகத்தைத் திறப்பதில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு விதி இருந்தது. இரண்டு இடத்தில் என் மகன் ரகசியமாகத் திறந்தான். எனக்குத் தெரியும், நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

மெஷினாரியம் முடிந்தபிறகு அதே குழுவின் 'பொட்டானிகுலா'வைத் திறந்தோம். 2012-இல் வந்தது, யாரா பிளாகி வடிவமைத்தது. ஒரு மரத்தில் ஒட்டுண்ணிகள் பரவி உயிரை உறிஞ்சுகின்றன. கடைசி விதையைக் காப்பாற்ற ஐந்து பூச்சிபோன்ற சின்ன ஜீவன்கள் கிளம்புகின்றன. ஒன்று காளான், ஒன்று குச்சி, ஒன்று கசகசாக் காய், ஒன்று இறகு, ஒன்று விளக்குக்காய். ஒரு இடையூறு வந்தால் யாரை அனுப்புவது என்று நாம் தேர்ந்தெடுக்கலாம். தப்பான ஆளை அனுப்பினாலும் அவர் ஏதோ செய்துபார்த்து விழுந்து எழுந்து வருவார். அந்த விழுகை ஒவ்வொருவருக்கும் வேறுவேறு. அதனால் என் மகன் சரியான ஆள் யாரென்று தெரிந்தபிறகும் மற்ற நாலு பேரையும் முதலில் அனுப்பினான். தோல்வியைப் பார்ப்பதற்காகவே ஆடவைக்கிற விளையாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. 'டிவிஏ' என்ற இருவர் குழு அதற்கு இசை அமைத்தது. பாதி ஓசைகள் வாயாலேயே எழுப்பியவைபோல இருக்கும். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "இதென்ன, கொழந்தைக்கு வெளையாட்டுக் காட்டறாப்பல இருக்குது" என்றாள்.

இவை எல்லாவற்றுக்கும் தாய் 'சமோரோஸ்ட்'. 2003-இல் ப்ராக் நகரத்துக் கலைக்கல்லூரியில் மாணவராக இருந்த த்வோர்ஸ்கி தன் படிப்பின் இறுதி வேலையாகச் செய்தது. பாசியும் மரக்கட்டையும் விண்வெளியில் மிதக்கும் ஒரு கோள், அதில் வெள்ளைக் குல்லா போட்ட ஒரு குள்ளன். செக் மொழியில் அந்தச் சொல்லுக்குத் தானாக வளர்ந்தது என்று பொருள். ஏதோ உயிரின் சாயலில் முறுக்கிக்கொண்டு வளர்ந்த வேரையும் மரத்துண்டையும் அப்படிச் சொல்வார்கள். ஊரோடு ஒட்டாமல் தன்போக்கில் போகிற மனிதனையும் அதே சொல்லால் சொல்வார்கள். எனக்கு உடனே நம்முடைய 'தான்தோன்றி' நினைவுக்கு வந்தது. தானாக முளைத்த லிங்கத்துக்கும் அதே சொல், யார் பேச்சும் கேட்காத பிள்ளைக்கும் அதே சொல்.

மாவுக்கட்டைப் பிரித்து மூன்று மாதம் ஆகிறது. அப்பா நடக்கிறார். பக்கத்துத் தெருப் பட்டறையில் காலையில் இரண்டு மணி நேரம் போய் உட்கார்ந்து வருகிறார். சாயங்காலம் சில நாள் டேப்லெட்டைக் கேட்பார். புதிதாக எதையும் ஆடுவதில்லை. தெருவில் மூன்று இசைக்காரர்கள் நிற்கிற இடத்துக்குப் போவார். அவர்களுடைய கருவிகள் ஒவ்வொன்றிலும் ஒரு பழுது. சரிசெய்து கொடுத்தால் மூவரும் வாசிப்பார்கள், யோசெஃப் ஆடுவான். அப்பா பல தடவை சரிசெய்துவிட்டார்.

போன வாரம் நான் காபி கொண்டுபோனபோது டேப்லெட் அவர் மடியில் இருந்தது, கை நாற்காலிப் பிடியில் இருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து எடுக்கப்போனேன். யோசெஃபைத் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் அவன் தலைக்கு மேல் ஒரு குமிழி எழும். பழைய நாட்கள், பெர்ட்டாவோடு அவன் இருந்த நேரங்கள் அதில் கோட்டோவியமாக ஓடும். திரையில் அது ஓடிக்கொண்டிருந்தது.

"தொடாத கண்ணு" என்றார் அப்பா, கண்ணைத் திறந்தபடியே. "அவன் நெனச்சு முடிக்கட்டும்."